இரவில் எரியும் டிரான்ஸ்பார்மருக்குப் பகல் வெயில் பொறுப்பா?

"வீடுகள் பெருகிவிட்டன, ஆளுக்கு ஆள் ஏ.சி. மாட்டிவிட்டார்கள், போதாக்குறைக்கு மொட்டை மாடியெல்லாம் சோலார் வந்துவிட்டது, பழைய மின்கட்டமைப்பு எதைத்தான் தாங்கும்?" சென்னைப் புறநகரில் கோடை முழுக்க இதைக் கேட்கலாம். மின்வாரியத்தில் இருப்பவர் சொல்வார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எழுந்து சொல்வார். நள்ளிரவில் தெருவில் இறங்கிப் போராடிவிட்டு வந்தவரே மறுநாள் காலை டீக்கடையில் அதைத் திருப்பிச் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வளர்ச்சி வந்தது, வசதி வந்தது, கம்பி களைத்துப்போனது. யார் மீதும் குற்றம் இல்லை.

யார் மீதும் குற்றம் இல்லை என்று முடிகிற எந்த விளக்கத்தையும் இன்னொரு முறை உரசிப் பார்ப்பது நல்லது. இந்த விளக்கம் மின்கட்டமைப்பின் மேல் சுமை ஏற்றுகிற ஒன்றையும் அந்தச் சுமையைப் பகலில் இறக்கி வைக்கிற ஒன்றையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. வீடுகள் ஏதோ மழைக்கு முளைத்த காளான்கள் போலப் பேசுகிறது. மேடவாக்கத்திலும் அய்யப்பன்தாங்கலிலும் ஊரப்பாக்கத்திலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அரசு அலுவலகம் அனுமதி கொடுத்திருக்கிறது, இன்னொரு அலுவலகம் மின் இணைப்பு கொடுத்திருக்கிறது, இரண்டும் பணம் வாங்கியிருக்கின்றன.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். குடியிருப்புப் பகுதியில் டிரான்ஸ்பார்மர் எப்போது கைவிடுகிறது? இரவு 10 மணிக்கு மேல். சாப்பிட்டு முடித்து, படுக்கையறைக் கதவைச் சாத்தி, ஏ.சி.யை 24-இல் வைத்து, ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டு ஊர் படுக்கிற நேரம். ஃபியூஸ் போகிறது. வயர்மேன் வந்து கம்பியை மாற்றிப் போடுகிறார். பத்தே நிமிடத்தில் மறுபடி போகிறது. காரணம் தெருக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரியும். கரண்ட் வந்த அந்த நொடியில் எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒன்றாகக் கிளம்புகிறது, எல்லா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் பசியோடு சார்ஜ் இழுக்கிறது, ஃபிரிட்ஜ்கள் சேர்ந்துகொள்கின்றன. வெட்டுக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலான லோடு ஒரே நேரத்தில் வந்து விழுகிறது. அனுபவமுள்ள லைன்மேன் ஒரு ஃபேஸாக, இடைவெளி விட்டுத்தான் கொடுப்பார்.

இந்தக் காட்சியில் சோலார் எங்கே இருக்கிறது? சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. மாடியில் இருக்கும் பலகைகள் அப்போது வெறும் கண்ணாடி. இரவு 11 மணிக்கு எரிகிற டிரான்ஸ்பார்மருக்கும் மதியம் 12 மணிக்கு உற்பத்தியாகிற மின்சாரத்துக்கும் முடிச்சுப் போட வேண்டுமானால் ஒரு முடிச்சுத்தான் போட முடியும். அது சோலாருக்குச் சாதகமானது. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் சட்டென்று சூடாவதுமில்லை, சட்டென்று ஆறுவதுமில்லை, சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மே மாதப் பிற்பகல் முழுவதும் வெயிலில் நின்று, லோடையும் சுமந்து, சூடேறிய எண்ணெயோடு அது மாலைக்குள் நுழைகிறது. சென்னையில் இரவும் ஆற விடுவதில்லை. உள்ளே சூடு அதிகமான இடத்தில் வெப்பம் 6 டிகிரி கூடினால் காகிதக் காப்பு நைந்துபோகும் வேகம் இருமடங்காகும் என்பது டிரான்ஸ்பார்மர் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பகலில் தெருவுக்குத் தேவையான மின்சாரத்தில் ஒரு பகுதியைத் தெருவிலிருக்கும் மாடிகளே கொடுத்தால், டிரான்ஸ்பார்மர் அந்த அளவுக்குக் குறைவான சூட்டோடு இரவைச் சந்திக்கும். இதை யாரும் சொல்வதில்லை.

மாநிலத்தில் மின்சாரமே பற்றாக்குறையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 2008 முதல் 2013 வரை ஆட்சிகளையே ஆட்டிய மின்வெட்டு அது. அன்று உற்பத்தி இல்லை. இன்றைய கதை வேறு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மின்சாரம் கிடைத்தது, வழங்கவும்பட்டது. அந்தக் கோடையிலும் புறநகர்த் தெருக்கள் இருண்டன. அனல் நிலையத்தில் புறப்பட்ட மின்சாரம் 400 கிலோவோல்ட், 230, 110 என்று இறங்கி, துணைமின் நிலையம் தாண்டி, தெருமுனை வரை பத்திரமாக வந்துவிட்டது. கடைசி நூறு, இருநூறு மீட்டரில்தான் விழுந்தது. கடைசி நூறு மீட்டர் பெரிய திட்டங்களின் கணக்கில் வராது. அதற்கு அடிக்கல் நாட்டு விழா நடத்த முடியாது.

அந்தக் கடைசி நூறு மீட்டரில் நடந்தது என்ன? ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். கணக்குக்காகத்தான், ஆனால் இப்படிப்பட்ட தெரு மடிப்பாக்கத்தில் பத்தடிக்கு ஒன்று இருக்கும். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனைகள் இருபது. இருபது தனி வீடுகள். முனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். வீட்டுக்கு ஓர் ஏ.சி. இருந்த காலத்தில் அதற்கு வேலையே இல்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில். பெற்றோருக்கு வீட்டைப் பராமரிக்க முடியவில்லை. பில்டர் வருகிறார், ஜாயிண்ட் வென்ச்சர் பேசுகிறார், வீடு இடிபடுகிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். கூடுதலாகப் பணம் கட்டினால், சாலை அகலத்தைப் பொறுத்து, இன்னும் கட்டலாம். கீழே வண்டி நிறுத்த ஸ்டில்ட், மேலே மூன்று தளம், தளத்துக்கு இரண்டாக ஆறு ஃபிளாட். இருபதில் பத்து மனைகள் இப்படி மாறினால் பத்துக் குடும்பங்கள் இருந்த இடத்தில் அறுபது குடும்பங்கள். ஃபிளாட்டுக்கு இரண்டு ஏ.சி., ஒன்றுக்கு ஒன்றரை கிலோவாட் என்றால் ஏ.சி. மட்டுமே 180 கிலோவாட். இன்வெர்ட்டர் ஏ.சி. அறை குளிர்ந்தபின் குறைவாக இழுக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் போட மாட்டார்கள் என்று தாராளமாகப் பாதியைத் தள்ளுபடி செய்தாலும் 90 கிலோவாட் நிற்கிறது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் அங்கேயே நிறைந்துவிட்டது. லிஃப்ட், மோட்டார், ஹீட்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் சார்ஜ், இடிபடாமல் மிச்சமிருக்கும் பத்து வீடுகள் எதையும் இன்னும் நாம் கூட்டவே இல்லை.

இனி அதே தெருவின் சோலாரைக் கணக்கிடுவோம். ஒரு கிலோவாட் பலகைக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். ஒரு கிரவுண்ட் கட்டடத்தின் மொட்டை மாடியில் படிக்கட்டு அறை, லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, துணி காயப் போடும் இடம், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் எல்லாம் போக ஐந்நூறு, அறுநூறு சதுர அடி கிடைத்தால் அதிகம். ஐந்தாறு கிலோவாட். பத்துக் கட்டடங்களும் போட்டால்கூட ஐம்பது, அறுபது கிலோவாட். மதியம் அதில் ஒரு பங்கை அந்த வீடுகளே தின்றுவிடும். மீதி முழுவதும் திரும்பி ஓடினாலும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் பாதிக் கொள்ளளவைத் தாண்டாது. உண்மையில் பத்தில் ஒரு கட்டடம்கூடப் போடுவதில்லை. மொட்டை மாடி ஆறு பேருக்கும் பொது. ஒருவர் பலகை வைக்க வேண்டுமானால் ஐந்து பேர் ஒப்ப வேண்டும். ஐந்து பேர் ஒப்புக்கொண்டு நடந்த காரியம் எந்த அடுக்குமாடிச் சங்கத்தில் இருக்கிறது?

அடுக்குமாடி பெருகப் பெருக, ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் கூரை சுருங்குகிறது என்பதுதான் இதன் பொருள். வீட்டுப் பெருக்கமும் சோலார் பெருக்கமும் ஒரே தெருவில் கைகோத்து வந்து கட்டமைப்பை நெரிக்கின்றன என்ற படமே தவறு. நெருக்கமாகக் கட்டிய தெருவில் சோலார் பெருக இடமில்லை. சோலார் பெருகுகிற வில்லாக் குடியிருப்புகளிலும் புறநகர்த் தனிவீட்டு லேஅவுட்டுகளிலும் ஒரு மனைக்கு ஒரு குடும்பம்தான். இரண்டின் சிக்கல்களும் வேறு. ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றதற்கு ஆகாது.

அந்த ஆறு ஃபிளாட் கட்டடம் எழும்போது வாங்கப்பட்ட பணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கூடுதல் தளப்பரப்புக்குப் பிரீமியம் கட்டணம். பெரிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணம். மின்வாரியத்தில் ஒவ்வொரு புது இணைப்புக்கும் கிலோவாட் கணக்கில் வளர்ச்சிக் கட்டணம், டெபாசிட், மீட்டருக்குத் தனி. டெபாசிட்டையும் மீட்டரையும் விட்டுவிட்டால், இந்தக் கட்டணங்கள் எல்லாமே, புதிதாக வரும் சுமையை ஊர் தாங்குவதற்கான ஏற்பாட்டைச் செய்யத்தான். அதில் எவ்வளவு அந்தத் தெருவின் தாழ்வழுத்த (எல்.டி.) லைனுக்குத் திரும்பி வந்தது? 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கத் தொடங்கியது. சாமானியன் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம் என்பதால் அது நல்ல திட்டம்தான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கட்ட அனுமதி கிடைக்க நிமிடக் கணக்கு, டிரான்ஸ்பார்மர் திறனை உயர்த்த ஆண்டுக் கணக்கு என்றால், இடையில் அகப்பட்டுக்கொள்வது யார்? வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் அலுவலகம், அந்தத் தெருவின் டிரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. பெரிய கட்டடமாக இருந்தால் டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் ஒதுக்கச் சொல்லும் விதி இருக்கிறது. அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் சின்னக் கட்டடங்கள்தான் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன, அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அற்பம். பத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியவர் யார் என்று எந்தக் கோப்பிலும் எழுதியிருக்காது.

சரி, சோலாரால் தொல்லையே இல்லையா? இருக்கிறது. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை விட்டுவிட்டு பலவீனமானதோடு மல்லுக்கட்டுவது அழகல்ல. நண்பகலில், அதுவும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்ட விடுமுறை நாளில், லைனின் கடைசி முனையில் நாலைந்து வீடுகள் சோலார் போட்டிருந்தால், உற்பத்தி வெளியே தள்ளப்படும்போது அந்த முனையில் வோல்டேஜ் ஏறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 250-ஐத் தொடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, 110 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது 253 வோல்ட்டுக்கு மேல் போனால், சோலார் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டித்துக்கொள்கிறது. கடன் வாங்கிப் பலகை போட்டவர் நல்ல வெயிலில் உற்பத்தி பூஜ்யம் என்று காட்டும் செயலியைப் பார்த்து நிற்கிறார். ஒரே ஃபேஸில் எல்லாரையும் கோத்துவிட்டிருந்தால் இன்னும் மோசம்.

ஆனால் அந்த வோல்டேஜ் ஏன் அப்படி ஏறுகிறது என்று தோண்டினால் வந்து நிற்பது மறுபடியும் அதே மெலிந்த கம்பிதான். நீளமான, மெலிந்த லைனில் இரவு லோடு ஏறும்போது கடைசி வீட்டில் 180 வோல்ட் கூட வராது. புகார் வரும். டிரான்ஸ்பார்மரை மாற்றவோ இடையில் இன்னொன்றை நடவோ பணம் இல்லை. 250, 500 கே.வி.ஏ. போன்ற பெரிய டிரான்ஸ்பார்மர்களில் டேப் என்று ஒன்று உண்டு. வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டவோ குறைக்கவோ, சப்ளையை நிறுத்திவிட்டுக் கையால் திருப்பி வைப்பது. அதை ஒரு படி உயர்த்தி வைத்தால் இரவில் கடைசி வீட்டு ஃபேன் கொஞ்சம் வேகமாகச் சுழலும். வைத்த டேப் வைத்தபடியே இருக்கும். பகலில் லோடு குறைந்ததும் வோல்டேஜ் தானாகவே 240-க்கு மேல் நிற்கும். அதன் மேல் சோலாரும் சேர்ந்தால் 253 எட்டிவிடும் தூரம்தான். இரவில் ஒழுங்காகச் சுமக்காத லைனைச் சமாளிக்கச் செய்த ஒட்டு வேலை பகலில் சோலாரைத் துரத்துகிறது. பழி மட்டும் சோலாருக்கு.

கம்பியைத் தடிமனாக்கினால் இரவில் வோல்டேஜ் இறங்குவதும் பகலில் ஏறுவதும் இரண்டுமே குறையும். ஒரே செலவில் இரண்டு வேலை. அந்தச் செலவு யாருடையது என்பதை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளே சொல்லிவிட்டன. 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குத் தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்காமலே அனுமதி கொடுத்ததாகக் கொள்ள வேண்டும். 5 கிலோவாட் வரை, அதற்காக லைனை வலுப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவு விநியோக நிறுவனத்தினுடையது. சட்டப்படி கடமை யாருடையது என்பதில் சந்தேகம் இல்லை. "டிரான்ஸ்பார்மரில் இடம் இல்லை" என்று விண்ணப்பதாரரிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது விதியில் எங்கும் இல்லை.

இங்கே வழக்கமாக இலங்கையை இழுப்பார்கள். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிவாக்கில் தீவு முழுவதும் இருண்டது. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் வந்த கோளாறு என்று அந்நாட்டு மின்சக்தி அமைச்சர் சொன்னார், உலகமே சிரித்தது. அதற்குப் பின் சோலார் அதிகமாகி, அனல் நிலையங்களின் சுழலும் எந்திரங்கள் குறைந்திருந்ததால் கட்டமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்ற விளக்கம் வந்தது. அவ்வருடம் ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைச் சோலார் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. இவை நடந்தவை. ஆனால் இலங்கை தனித்த தீவு. எந்த அண்டை நாட்டோடும் அதற்கு மின் இணைப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைத் தேவை சரிந்தால் உபரியைத் தள்ள இடமில்லை, ஒரு நிலையம் விழுந்தால் கைகொடுக்க ஆளில்லை. தமிழ்நாடு அப்படியா? 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்மாநிலக் கட்டமைப்பு மற்றவற்றோடு இணைந்தது. அன்றிலிருந்து காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண்ணில் சுழல்கிற ஒரே கட்டமைப்பு. மேற்கு மாம்பலத்து மாடியில் இருக்கும் 3 கிலோவாட் இதை அசைத்துவிடும் என்று பயப்படுவதற்கு இலங்கை ஆதாரம் ஆகாது. கூரைச் சோலாரால் உண்மையிலேயே கட்டமைப்பை நிர்வகிப்பது கடினமான ஆஸ்திரேலியாவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பலகை போட்டிருக்கிறது. நம் தெருவில் மூன்றில் ஒன்று வரட்டும், அப்போது பேசுவோம். அவர்களும் தடை போடவில்லை. வெளியே தள்ளும் அளவைத் தொலைவிலிருந்து கூட்டிக் குறைக்கும் முறைக்குத்தான் போனார்கள்.

கடைசியாக, பணக்காரன் வாதம். "சோலார் போடுகிறவர் வசதியானவர். பகலில் வேண்டாத மின்சாரத்தை வாரியத்தின் தலையில் கட்டிவிட்டு இரவில் அதே யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். வாரியத்தை இலவச பேட்டரியாகப் பயன்படுத்துகிறார். சுமை ஏழையின் மீது விழுகிறது." இதில் ஒரு பாதி உண்மை. நிகர அளவீட்டு முறையில் மதிய யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒரே மதிப்பு. சந்தையில் அப்படி இல்லை. மின்சாரச் சந்தையில் நண்பகல் விலை சரிந்து கிடக்கும், கோடை மாலையில் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பை முட்டும். இந்த ஏற்பாடு என்றைக்கும் இப்படியே ஓடாது என்பதைச் சோலார் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்வது நல்லது. மாலை நேரத்தில் பேட்டரியிலிருந்து தருகிறவருக்குக் கூடுதல் விலை, மதியம் தள்ளுகிறவருக்குக் குறைந்த விலை என்று வரட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

மறுபாதி பொய். வீட்டு இணைப்புகளுக்கு இருந்த நிலைக்கட்டணத்தை 2022-இல் எல்லாருக்குமே எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டணத்தை எந்த வீட்டுக்காரரும் இப்போது கட்டவில்லை, சோலார் வைத்தவர் மட்டும் ஓசியில் போகிறார் என்பது எந்தக் கணக்கு? மூன்று ஏ.சி. ஓட்டுகிற வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 மே மாதத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. வாரியத்தின் உண்மையான வருத்தம் வேறு. மேல் ஸ்லாபில் அதிக விலை கொடுத்து வாங்கிய நல்ல வாடிக்கையாளர் சோலார் போட்டதும் கீழ் ஸ்லாபுக்கு இறங்கிவிடுகிறார். ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடன் சுமக்கும் நிறுவனத்துக்கு அது வலிக்கும், புரிகிறது. அது வருமானக் கவலை. அதைக் கம்பி தாங்கவில்லை என்ற பொறியியல் கவலையாக வேடம் கட்டி மேடையேற்ற வேண்டாம்.

நண்பகல் உபரி என்ற பெரிய பிரச்சினையும் மொட்டை மாடிகளின் குழந்தை அல்ல. அது ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் தரையில் விரிந்திருக்கும் பெரிய நிலையங்களுடையது. கமுதியில் 2016-இல் தொடங்கிய ஒரே நிலையம் 648 மெகாவாட். அங்கேயும் உற்பத்தியை நிறுத்தச் சொன்ன உத்தரவுகள் எல்லாம் கட்டமைப்பின் பாதுகாப்புக்காகப் போடப்பட்டவை அல்ல என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு வழக்கில் தீர்ப்பளித்து, இழப்பீடு தரச் சொன்னது. கட்டமைப்பு தாங்காது என்ற காரணம் இதற்கு முன்பும் ஒருமுறை கூண்டேறித் தோற்றிருக்கிறது. உபரியைச் சேமிக்கும் வித்தையும் நமக்குப் புதிதல்ல. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து நிற்கிறது. இரவு அனல் மின்சாரத்தில் நீரை மேலேற்றக் கட்டியது, பகல் வெயிலில் ஏற்றினாலும் தண்ணீர் ஏறும். குந்தாவில் இன்னொன்று ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஏ.சி. வாங்குகிற மக்கள் மீதும் பழி போடுகிறார்கள். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: இணைப்பு வாங்கும்போது ஒரு கிலோவாட், இரண்டு கிலோவாட் என்று குறைத்து எழுதிவிட்டு ஐந்து கிலோவாட் ஓட்டுகிறவர்கள் நம்மில் பலர். வாரியம் திட்டமிடும் கணக்கே அதனால் கோணுகிறது. லோடைத் திருத்தி எழுதிப் பணம் கட்டுவது நம் பங்கு. ஆனால் 38 டிகிரி நாளின் இரவில் இரண்டு பக்கமும் கட்டடம் நெருக்கிய படுக்கையறையில் ஏ.சி. ஆடம்பரம் என்று சொல்கிறவர் அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு விநியோக டிரான்ஸ்பார்மரிலும் ஒரு மீட்டர். அதன் கொள்ளளவு, அதில் அனுமதிக்கப்பட்ட மொத்த லோடு, கடந்த கோடையில் இரவு தொட்ட உச்சம், அதன் கீழ் இருக்கும் சோலார் ஆகிய நான்கு எண்களையும் யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கட்டட அனுமதி கொடுக்கும் மென்பொருள் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு மேலே போக வேண்டும். இடமில்லை என்றால் அனுமதியை நிறுத்த வேண்டாம். வாங்கிய கட்டணத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்த எண்கள் வெளியே வந்த மறுநாள் சோலாரா, வீடா, கம்பியா என்ற பட்டிமன்றம் முடிந்துவிடும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் கே.வி.ஏ. எழுதியிருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழ் எத்தனை இணைப்புகள், மொத்த அனுமதி லோடு எவ்வளவு, கடைசியாகத் திறன் உயர்த்தியது எந்த ஆண்டு, அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் வசூலான வளர்ச்சிக் கட்டணம் எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். புது ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதே கேள்விகளைப் பில்டரிடம் கேளுங்கள்.